எவர் அளவிற்குத் தைத்த சட்டை?

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலைமேல் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அவ் வட்டாரத்து உழவர் மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் கடன் வேண்டின், முதற்கண் நாடுவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன்கழகத்தையே. அவர்தம் பெயர், நிலம், அடகு வைத்த நகை, கட்டவேண்டிய தவணை யாவும் அதன் ஏட்டில் உள்ளன. அவ் ஏடு இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. ஆகலின், அக் கணினியை இயக்கும் மென்பொருள் எத்தகையதாதல் வேண்டும் என்னும் வினா அலுவலரோடு நின்றுவிடுவதன்று. அது உழவரின் உரிமை பற்றிய வினா.

ஒரு நிறுவனம் மென்பொருள் பெற இரு வழிகள் உள. பலர்க்கும் பொதுவாக ஆக்கி விற்பனைக்கு அணியமாய் வைத்திருப்பதை வாங்குவது ஒன்று. அது கடையில் தொங்கும் சட்டை. தன் தேவையை எடுத்துரைத்துத் தனக்கென ஆக்கிக்கொள்வது மற்றொன்று. அது அளவெடுத்துத் தைத்த சட்டை. முன்னது விலை குறைந்தது, உடனே கிட்டுவது, பலர் கையாண்டு குறை களைந்தது. பின்னது செலவு மிக்கது, காலம் பிடிப்பது, ஆக்கியவர் விட்டகன்றால் பழுது நீக்க ஆளின்றி முடங்குவது. இவ் வுண்மையை மறைத்து, எல்லாம் தனியாகவே ஆக்குவோம் என முழங்குவது அறிவுடைமை ஆகாது.

ஆயினும், சட்டைக்காக உடலை வெட்டிக்கொள்வார் உண்டோ? தமிழர்க்குக் குடிப்பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன் நிற்கும். குடிப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் மேற்செல்லவிடாத படிவத்தில், தந்தை பெயரே மகனின் குடிப்பெயராகிவிடும். பட்டாவில் ஒரு பெயரும் கடனேட்டில் ஒரு பெயருமாக ஒருவரே இருவராவார், கடன் தடைப்படும். பயிர்ப்பருவமும் அத்தகையதே. வடபுலத்துக் கரீப், ரபி என்னும் இரண்டை மட்டும் அறிந்த பட்டியலில் நவரைக்கு இடம் ஏது? சிறு கட்டம்தானே என்பர். அக் கட்டத்திற்குள்தான் ஒருவரின் ஓராண்டு விளைச்சல் அடங்கியுள்ளது.

இது வெறுங் கற்பனை அச்சம் அன்று. கூட்டுறவுக் கழகங்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் அடங்குவன. எனினும் 2021 சூலையில் தில்லி அரசு கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் கண்டது. அதே திங்கள் 20ஆம் நாள், 97ஆம் திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி மாநிலக் கழகங்களைக் கட்டுப்படுத்தாது என உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாயில் அங்ஙனம் அடைபட்ட பின்னர், 2022 சூன் 29இல், 63,000 கடன்கழகங்களைக் கணினிப்படுத்த 2,516 கோடி உருபாத் திட்டத்திற்குத் தில்லி அமைச்சரவை இசைவளித்தது. நாடு முழுமைக்கும் பொது மென்பொருள் ஒன்று என்பது அதன் உயிர்நாடி. முன்னரே கணினிப்படுத்திய மாநிலங்கட்குக் கழகமொன்றுக்கு 50,000 உருபா உண்டு; ஆனால் அப் பொது மென்பொருளை ஏற்கவோ அதனோடு இணையவோ இசைதல் வேண்டும். மாநில மொழிகளில் அமையும், தேவைக்கேற்ப மாற்றவும் இடமுண்டு என்று திட்டம் கூறுகின்றது. நன்று. அம் மாற்றத்தைச் செய்யும் கை எவருடையது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பொதுவில் ஆக்கியதைத் தனக்கென மாற்றிக்கொண்ட வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா தட்டச்சுப் பொறியைத் தாமே புதிதாகப் படைத்தாரல்லர். ஆங்கிலத்திற்கென இருந்த பொறியில் தமிழெழுத்துகளை அமைத்தார். மெய்யின்மேல் புள்ளியும் விசிறியும் ஏறி அமர நகரா விசையைக் கண்டார். செருமனியில் பொறிகளைச் செய்வித்தார். பொறி பொதுவானது, விசைப்பலகை தமிழினது. ஐசுலாந்தின் கதையும் அத்தகையதே. அந் நாட்டு மக்கள் அற்றைநாளில் மூன்று இலக்கத்திற்கும் குறைவு. சந்தை சிறிதென்று மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசை அவர்தம் மொழியில் தர மறுத்தது. அவ் வரசு விடவில்லை. 1999இல் நிறுவனம் இசைந்தது. கேரளப் பள்ளிகளோ, எவரும் திறந்து பார்த்துத் திருத்தத்தக்க கட்டற்ற மென்பொருளை எடுத்து, மலையாளத்திற்கும் தம் பாடத்திற்கும் ஏற்ப வனைந்துகொண்டன.

எனவே, வாங்குவதா ஆக்குவதா என்பதன்று முதல் வினா. ஊருக்கொரு மென்பொருள் செய்யக் கீழ்பென்னாத்தூர்க் கழகத்தால் இயலாது, வேண்டியதுமில்லை. தமிழ்நாட்டுக் கழகங்கள் யாவும் ஒன்றுகூடி, கட்டற்ற அடித்தளத்தின்மேல் தமிழ்நாட்டு அளவிற்குத் தைத்துக்கொள்ள இயலும். எதனைத் தேர்ந்தாலும் நான்கு உறுதிகள் வேண்டும். மூலநிரல் கழகத்தின் கையில் இருத்தல் வேண்டும். தரவு முழுவதையும் வேண்டும்போது வெளியே எடுத்துச்செல்ல இயலவேண்டும். திரையும் பற்றுச்சீட்டும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ் பின்னர்ச் சேர்க்கும் ஒட்டாக அன்றி முதன்மொழியாக அமைதல் வேண்டும். திருத்தம் செய்யும் வல்லார் கூப்பிடு தொலைவில் இருத்தல் வேண்டும். இந் நான்கும் இல்லாதது எத்துணை மலிவாயினும் விலைமிக்கதே. இந் நான்கும் உள்ளது கடைச்சரக்கே ஆயினும் தள்ளத்தக்கதன்று.

கூட்டுறவுக் கடன்கழகச் சட்டம் பிறந்த 1904ஆம் ஆண்டிலேயே, இற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன்கழகம் கண்டது தமிழ் மண். ஏட்டைத் திறந்து கணக்குக் கேட்கும் உரிமையை உறுப்பினர்க்குக் கொடுத்தது அவ் வமைப்பு. ஏடு தாளிலிருந்து திரைக்கு மாறியதனால் அவ் வுரிமை மாறிவிடாது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூர் உழவர் ஒருவர் எழுந்து, "இந்த மென்பொருளின் சாவி எவரிடம் உள்ளது?" என்று கேட்பாராயின், அக் கேள்வியே தன்னுரிமையின் தொடக்கமாகும்.