பறவை ஒன்றும் அம்பாசிடர் இல்லை!

நம்ம ஊரில் காசு சேர்த்து ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கும் ஆசாமிகள் பலரும் கடைசியில் மூன்று விஷயத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பறவை, காட்டுப்பூ, பழைய வண்டி. மூன்றும் அருமையான பொழுதுபோக்கு, எனக்கும் ரொம்பப் பிடித்தவை. ஆனால் இந்த மூன்றில் வண்டிக்கு மட்டும்தான் நாம் மரியாதை கொடுக்கிறோம். மற்ற இரண்டையும் போட்டு மிதிக்கிறோம். கோபம் வந்தால் பின்னூட்டத்தில் திட்டிக் கொள்ளுங்கள் மக்களே, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

பழைய கார் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று பளபளவென்று நிற்கும். நம்ம போட்டோகிராபர்கள் அதன் பக்கத்தில் எவ்வளவு பவ்யமாக நடக்கிறார்கள்! 'சார், கிட்ட வந்து எடுக்கலாமா?' என்று கேட்கிறார்கள். பெயின்ட்டில் பை உரசாமல் ஒதுங்கிப் போகிறார்கள். காரணம் ரொம்பச் சுலபம். சொந்தக்காரர் பக்கத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்கிறார். இத்தனைக்கும் அந்த வண்டிக்கு காமிராவால் ஒரு கெடுதலும் இல்லை. ஆயிரம் பிளாஷ் அடித்தாலும் ஹெட்லைட் கூசாது. உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்று போனது, ஆனாலும் ஓடுகிற அம்பாசிடருக்கு உதிரி பாகம் தேடிப் பிடித்து மாட்டிவிடலாம். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்றே 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டு வந்து, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போடச் சொல்லிவிட்டது. தகரத்துக்கு அத்தனை பாதுகாப்பு.

இப்போது அதே ஆள் ஏரிக்கரைக்கு வருகிறார். அங்கே முறைக்க யாரும் இல்லை. உடனே ஆட்டம் ஆரம்பம்.

ஆட்காட்டிக் குருவியை எல்லோருக்கும் தெரியும். வெறும் தரையில், கல்லோடு கல்லாகத் தெரிகிற மாதிரி நாலு முட்டை இடும். வெயில் காலத்தில் முட்டை வெந்து போகாமல் இருக்க, வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து மேலே உட்காரும். நீங்கள் 'இன்னும் ரெண்டே ரெண்டு ஷாட்' என்று அரை மணி நேரம் அங்கே படுத்துக் கிடந்தால், அது தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். முட்டை வெயிலில் கிடக்கும். காக்காய் ஒன்று மரத்தில் உட்கார்ந்து, மனுஷன் எதை இவ்வளவு நேரமாகப் பார்க்கிறான் என்று கவனித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கிளம்பிய பிறகு என்ன நடந்தது என்பது உங்கள் படத்தில் வராது.

மரத்தில் கூடு என்றால் இன்னும் மோசம். இலை மறைக்கிறதாம், கிளையை ஒடித்து 'கிளியர்' செய்கிறார்கள். அந்தப் பறவை அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இலை மறைக்கிறது என்பதால்தான் சாமி! நீங்கள் ஒடித்த கிளை காமிராவுக்கு மட்டுமா வழி விடுகிறது? வெயிலுக்கும் வல்லூறுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது மொபைலில் குரல் போட்டுக் கூப்பிடுவது. ஆறுமணிக் குருவி வடக்கே இருந்து வலசை வருகிற பறவை. வந்த களைப்பில் வீட்டுக்குள் வந்து விழுவதுகூட உண்டு. அது இரை தேட வேண்டிய நேரத்தில், எவனோ எதிரி தன் இடத்துக்குள் வந்துவிட்டான் என்று நம்ப வைத்து, புதரை விட்டு வெளியே வரவழைத்து, படம் எடுத்து, 'இயற்கையின் அழகு' என்று தலைப்புப் போடுகிறோம். தேவாங்குக்கு இதே மரியாதை டார்ச்சிலும் பிளாஷிலும் கிடைக்கிறது. இருட்டில் பார்ப்பதற்காகவே அமைந்த கண் அது. அதற்காக 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள். காட்டைக் காப்பாற்றினால் போதாது, நம்ம ஆட்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

செடிகள் பாவம், பறந்துகூடத் தப்பிக்க முடியாது. ஒரு காசு அளவே இருக்கும் பனிப்பூண்டைப் படம் எடுக்கப் போய், அதைச் சுற்றியுள்ள பத்துப் பூண்டை மிதிக்கிறோம். அப்புறம் 'லொகேஷன்' போடுகிறோம். காட்டு ஆர்க்கிட் எங்கே பூத்திருக்கிறது என்று ஊருக்கே சொன்னால் ரசிகன் மட்டும் வரமாட்டான், பிடுங்கி விற்பவனும் வருவான். நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. அந்த நடுவில் பன்னிரண்டு வருஷம் அந்தச் செடி வேர் பிடித்து நிற்க வேண்டும். பூவைக் கையில் பிடித்துக்கொண்டு செல்பி எடுக்க எத்தனை விநாடி ஆகும்?

இதெல்லாம் வெறும் நாகரிகப் பிரச்சனை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்றில்லை. சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தரும் பிரிவிலும், வாழிடத்தை மாற்றாமல், விலங்குக்குக் கெடுதல் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று 2022 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இனி வழக்கமாக வரும் மூன்று பதில்கள்.

'நாங்கள் எடுக்கும் படத்தால்தான் விழிப்புணர்வு வருகிறது.' சரி, வரட்டும். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் மைனாவைப் பார்த்தும் வரும். கூட்டுக்குள் லென்ஸை நுழைத்தால்தான் விழிப்புணர்வு வரும் என்று யார் சொன்னது? மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஆனால் அவர் எழுத்தைப் படித்தால் அந்த விலங்கு என்ன சாப்பிடும், எப்போது கோபப்படும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நம்ம ஆட்களில் பலருக்கு எடுத்த பறவையின் பெயரையே அடுத்தவர் பின்னூட்டத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

'பறவை திரும்பி வந்துவிட்டதே, என்ன நஷ்டம்?' பி.காம். மாணவனாக இதற்கு மட்டும் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. லைக் உங்கள் கணக்கில் வரவு, செலவு பறவையின் கணக்கில். அந்தச் செலவு உங்கள் நோட்டில் ஏறவில்லை என்பதற்காக நஷ்டமே இல்லை என்று சொன்னால், முதல் வருஷ அக்கவுன்டன்சியிலேயே பெயிலாக்கி விடுவார்கள். தவிர, நீங்கள் ஒருத்தர் இல்லை. நீங்கள் படம் போட்ட மறுநாள் பத்துப் பேர் வருகிறார்கள், அதற்கடுத்த நாள் இருபது பேர். பறவை ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் என்று யார் ஜாமீன்?

'ஏரியையே பிளாட் போட்டு விற்கிறார்கள், எங்களை மட்டும் ஏன் கேட்கிறாய்?' உண்மைதான், அதுதான் பெரிய குற்றம். ஆனால் பிளாட் போடுகிறவன் தன்னை 'இயற்கை ஆர்வலர்' என்று போட்டுக்கொள்வதில்லை. நாம் போட்டுக்கொள்கிறோம், ஆகவே நம்மைக் கேட்கத்தான் செய்வார்கள்.

போட்டிப் பரிசு வெறியும் ஒரு காரணம். உலகின் பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009-ல் பரிசு வாங்கிய ஓநாய் படம், அது பழக்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010-ல் பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2018-ல் ஓர் எறும்புத்தின்னிப் படம் தகுதி இழந்தது, அது பஞ்சடைத்த பொம்மையாக இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அந்த உயரத்திலேயே இப்படி என்றால், இன்ஸ்டாகிராமில் லைக் தேடுகிறவரைக் கேட்கவா வேண்டும்?

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் ஒரு பண்டிகையின் சத்தத்தையே விட்டுக் கொடுக்கிறார்கள். நம்மால் ஓர் ஆங்கிளை விட்டுக் கொடுக்க முடியாதா?

நான் கேட்பது ரொம்பக் கொஞ்சம். கூட்டைப் படம் எடுக்காதீர்கள். எடுத்தவர் படத்துக்கு லைக் போடாதீர்கள். குரல் போட்டுக் கூப்பிடாதீர்கள். ராத்திரி விலங்குக்கு பிளாஷ் வேண்டாம். அரிய செடி என்றால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிட்டப் போய்த் தொட்டு, சுற்றிச் சுற்றி எடுத்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், கோயமுத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துக்கு டிக்கெட் எடுங்கள். அங்கேயும் தொட விடமாட்டார்கள், ஆனால் எந்தக் காரும் முட்டையை விட்டுவிட்டுப் பறந்து போகாது.