மலையைக் காலால் அறிவோம்

தமிழ் பயிலும் மாணவர் எவரை வினவினாலும், மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனத் தயங்காது விடை பகர்வர். முதல், கரு, உரி என மூன்றையும் அடுக்கடுக்காக எடுத்துரைப்பர். ஆயின் அவர்களுள் மலைப்பாதையொன்றில் அரை நாளேனும் நடந்தவர் எத்தனை பேர் என எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கின் வானவிளிம்பில் நீலக்கோடாய்த் தோன்றும் கல்வராயன் மலை, நம்மில் பலருக்கு இன்றும் வெறும் கோடாகவே இருந்து வருகின்றது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலை, 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாக விரிந்து கிடக்கின்றது. கோமுகி ஆறு இங்குத் தோன்றிக் கச்சிராயப்பாளையத்தின் அருகே அணையில் தேங்கிச் சமவெளி வயல்களுக்குப் பாய்கின்றது. நாம் உண்ணும் சோற்றில் இம்மலையின் நீர் கலந்திருக்கின்றது. ஆனால் நாளேடுகளில் இதன் பெயர் பெரும்பாலும் கள்ளச்சாராயச் செய்திகளோடுதான் இடம்பெறுகின்றது. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டபின் அப்பெயர் மேலும் கறுத்தது. உயிரைக் குடித்த மெத்தனாலோ தொழிற்சாலைப் பொருள், மலையில் விளைவதன்று. ஒரு மலையையும் அதன் மக்களையும் செய்தித் தலைப்பைக் கொண்டு அளப்பது அறிவுடைமையாகாது. குடும்பத்தோடு நடந்து சென்று அறிவதே நேரிய வழி என்பது நம் கருத்து.

இவ்வழி நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில் அமைந்த ஒரு நடைப்பயண நூல் எனலாம். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தலைவனாகிய நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். கல்வராயன் மலைக்கு வடக்கே நெடுந்தொலைவில் இல்லாத ஊர் அது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட முன்பின் அறியாத கூத்தர் குடும்பத்துக்கு வழி கூறுகின்றான். வழுக்கும் பாறை எது, விலங்குகளுக்கு வைத்த பொறி எங்குள்ளது, கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எச்சிற்றூரார் உணவளித்துப் போற்றுவர் என அனைத்தையும் விளக்குகின்றான். கிளைவழிகள் பிரியுமிடத்தில், பின்னே வருவோர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறும் பணிக்கின்றான். முகமறியாத ஒருவனுக்காகக் குனிந்து புல்லை முடியும் அந்தப் பண்புதான் நடையின் முதல் இன்பம் என நாம் கருதுகின்றோம்.

கடந்த தைத் திங்களில் நாம் குடும்பத்தாரோடும் அண்டை வீட்டாரோடும் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்ப் பாதைகளில் நடந்தோம். மரவள்ளித் தோட்டங்களும் சாமை அறுத்த தாள்களும் இருமருங்கும் இருந்தன. மருந்துக் கடையில் பொடியாக மட்டுமே கண்டிருந்த கடுக்காயைப் பிள்ளைகள் மரத்தடியில் பொறுக்கினர். தழைக்கட்டைச் சுமந்து வந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர், நம் தாயார் மூச்சு வாங்குவதைக் கண்டு, “மெல்ல வாம்மா, மலை எங்கேயும் போயிடாது” என்று கூறித் தம் நடையையும் தளர்த்திக்கொண்டார். ஆத்தூரிலிருந்து வந்திருந்த வேறொரு குடும்பம் வழியில் சேர்ந்துகொண்டது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் நான்கு மணி நேரம் அமர்ந்தும் பெயர் வினவாத நாம், இங்கு அரைமணி நேரத்தில் அண்ணன், அக்காள் என அழைக்கலானோம். நண்பகலில் இரு வீட்டுக் கட்டுச்சோறும் ஒரே விரிப்பில் பரிமாறப்பட்டது. வண்டியில் விரைவோர் ஒருவரையொருவர் முந்துவர். உடன் நடப்போரோ ஒருவருக்காக ஒருவர் நிற்பர். இதனைப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலாலும் கற்பிக்க இயலாது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். நம் வீடுகளில் ஆண்கள் வைகறைத் தொழுகை முடித்துக் காலாற நடந்து வருவர். பெண்களின் நடையோ அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே முடிந்துவிடுகின்றது. நீரிழிவு கண்டபின் மருத்துவர் வற்புறுத்தினாலன்றி அவர்கள் வீதியில் இறங்கி நடப்பது அரிது. குடும்பமாக நடக்கும்போது அன்னையரும் மகளிரும் மலைக்காற்றையும் மர நிழலையும் தமக்கே உரியனவாகத் துய்க்கின்றனர். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுச் செல்லும் நடை பாதி நடையே.

இதனைக் கேட்கும் சிலர், “மலைமக்கள் வேறு வழியின்றி நடக்கின்றனர்; உமக்கோ அது பொழுதுபோக்கா?” என வினவக்கூடும். வினா நேர்மையானது. இம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசின் நேரடி ஆளுகைக்கு வந்ததே 1976இல்தான். 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்கும் நிலையும் ஏற்பட்டது. சாலை எட்டாத சிற்றூரிலிருந்து நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறங்குவதும் நடைதான். அப்பாதையில் ஒருமுறை நடந்தவர், அங்கே சாலையும் மருத்துவமனையும் வேண்டும் என்பதை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மலையை அருவிக்குளியலாக மட்டும் கண்டு, காலிப் புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் எறிந்துவிட்டு வருவோர்க்கு அது தோன்றாது.

நடைக்கும் ஒழுங்குண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோருள் 23 பேர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. வனத்துறையின் இசைவின்றிக் காட்டுக்குள் புகுதல் கூடாது. உள்ளூரார் ஒருவரை உரிய ஊதியம் அளித்து உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்குச் சிற்றூர்ப் பாதைகளே போதும்.

ஆண்டுதோறும் தமிழ்த்துறையினர் மாணவர், ஆசிரியர், அவர்தம் குடும்பத்தார் என அனைவரும் கூடிக் கல்வராயன் மலையில் ஒருநாள் நடக்கலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களின் பட்டியலைக் கையில் கொண்டு, மலைமக்கள் இன்று வழங்கும் பூப்பெயர்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டெழுதலாம். அங்கே ஆசிரியர் அவர்கள், மாணவர் நாம். அடுத்த மலரில் அப்பெயர்ப் பட்டியல் அச்சேறுமாயின், பின்னே வரும் மாணவர்க்கு நாம் முடிந்து வைத்த புல் அதுவாகும்.