அடுக்களைக்கு ஒரு பிரகடனம்

எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. சொத்துச் சண்டை அல்ல. சொத்துச் சண்டையாக இருந்தால் நான் எழுத வேண்டியதில்லை, வக்கீல் எழுதிக்கொள்வார். இது தீயலைப் பற்றிய சண்டை.

காலஞ்சென்ற என் அண்ணனின் மனைவி நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய வீட்டில், தனியாக இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. பிள்ளைகள் வெளியூர்களில். பென்ஷன் கிடையாது. வீட்டில் பெரிய அடுக்களை இருக்கிறது, அம்மி இருக்கிறது, உரல் இருக்கிறது, நாற்பது வருஷம் பழகிய கை இருக்கிறது. மதினி ஒரு யோசனை செய்தார். கன்னியாகுமரிக்கு வருகிற பிரயாணிகள் சூரியோதயம் பார்க்கிறார்கள். படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவரின் காலடிக்குப் போகிறார்கள். கரைக்குத் திரும்பி, சப்பாத்தியும் பனீரும் சாப்பிட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள். நாஞ்சில் நாட்டுக்கு வந்தவர்கள் நாஞ்சில் நாட்டை நாக்கில் வைக்காமலே போய்விடுகிறார்கள். இவர்களில் நாலு பேரை வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு அழைத்தால் என்ன? காலையில் வடசேரிச் சந்தை. பிறகு அடுக்களையில் கூடவே நின்று சமையல். மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். இதுதான் யோசனை.

பெரிய அண்ணாச்சிக்குச் சேதி போயிற்று. வீடு இரண்டுபட்டது.

நான் இதில் நடுநிலையாளன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்லாந்துக்குப் போயிருந்தபோது வடக்கே சியாங்மாய் நகரத்தில் இப்படி ஒரு சமையல் வகுப்பில் அரை நாள் உட்கார்ந்து வந்தவன் நான். உட்கார்ந்து என்றா சொன்னேன்? நின்றுதான். கற்றுக் கொடுத்தவள் ஆக்கா என்ற மலைச் சாதிப் பெண். அவளுடைய முன்னோர்கள் சீனத்து யுன்னானிலிருந்து பர்மா, லாவோஸ் வழியாக இறங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தின் வட மலைகளுக்கு வந்தவர்கள். முதலில் சந்தைக்குக் கூட்டிப் போனாள். எலுமிச்சம்புல், கத்தரிக்காயில் நாலு ஜாதி, வேரோடு பிடுங்கிய கொத்தமல்லி என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து முகரச் சொன்னாள். பிறகு கல் உரலைக் காட்டி, பச்சை மிளகாய், சிற்றரத்தையின் தாயாதி போன்ற ஒரு கிழங்கு, பூண்டு, உள்ளி, இறால் விழுது எல்லாவற்றையும் போட்டு இடிக்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் எனக்குத் தோள் கழன்றது. அவள் எட்டிப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று சிரித்தாள். இன்னும் பத்து நிமிஷம் இடித்தேன்.

அது சமவெளித் தாய்க்காரர்களின் குழம்பு. தேங்காய்ப் பால் ஊற்றியது. அடுத்து, தன் ஊர்ச் சாப்பாடு என்று ஒன்று செய்தாள். தக்காளியையும் மிளகாயையும் தீயில் சுட்டு, உப்பும் மலைக்கீரையும் சேர்த்து இடித்த துவையல். இதில் ஏன் தேங்காய் இல்லை என்று நான் கேட்டேன். நாஞ்சில் நாட்டான் வேறென்ன கேட்பான்? எங்கள் மலையில் தென்னை இல்லை என்றாள். ஒரு சமையலைப் பற்றி இதைவிடச் சுருக்கமான சரித்திரத்தை நான் படித்ததில்லை.

விடுதிக்குத் திரும்பும்போது வலது தோள் வலித்தது. அந்த வலியோடு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. தினமும் தேங்காயும் மல்லியும் வறுத்து, வெண்ணெயாக அம்மியில் அரைத்தவள். அந்த அம்மிக்கு இரண்டு கஜ தூரத்தில் உட்கார்ந்து நான் நாவல் படித்திருக்கிறேன். ஒரு நாள்கூட நீ எழுந்திரு, நான் அரைக்கிறேன் என்று சொன்னதில்லை. அந்த அறிவு வர எனக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் விமானச் செலவு ஆகியிருக்கிறது.

இனி அண்ணாச்சியின் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். அவருக்கு மட்டும் உரியவை அல்ல அவை. உங்கள் வீட்டிலும் இருக்கும். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதல் ஆட்சேபம்: அன்னத்தை விற்கக் கூடாது, குடும்பத்துப் பெண் கூலிக்குச் சமைப்பது கேவலம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கல்யாண வீடுகளில் இருநூறு இலைக்கு அவியலும் எரிசேரியும் பிரதமனும் வைக்கிறானே தவசிப்பிள்ளை, அவன் கூலி வாங்கவில்லையா? முன்பணம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, தெரு முனைவரை போய் அழைத்து வருகிறோம். உப்புக் கொஞ்சம் கூடியிருந்தால்கூட முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறோம். ஊரில் ஓட்டல் வைத்து மாடி மேல் மாடி கட்டியவர்களைப் பெரிய மனிதர்கள் என்கிறோம். அவர்கள் விற்பதெல்லாம் அன்னம் இல்லையா? ஆண் சமைத்தால் தொழில். பெண் சமைத்தால் தர்மம். தொழிலுக்குக் கூலி உண்டு. தர்மத்துக்குப் புண்ணியம் உண்டு. மதினி நாற்பது வருஷமாகப் புண்ணியம் சேர்த்திருக்கிறார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மின்சாரக் கட்டணம் கட்டுகிற இடத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று அண்ணாச்சி விசாரித்துச் சொல்லட்டும்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை வெளியிட்டார். ஆழாக்கும் பலமும் கணக்கிட்டுத் தன் கைப்பக்குவத்தை அச்சிலே ஏற்றினார். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் விலை கொடுத்துத்தான் வாங்கின. மகளுக்குச் சீரோடு சேர்த்து அனுப்பின. அந்த அம்மாள் அன்னத்தை விற்றார் என்று யாராவது இன்று சொல்லுவார்களா? புத்தகத்தில் எழுதி விற்றால் கௌரவம், அடுப்படியில் நின்று சொல்லிக் கொடுத்தால் கேவலம் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது ஆட்சேபம்: மூன்று மணி நேரத்தில் ஒருத்தி தீயல் வைக்கக் கற்றுக்கொள்வாளா?

மாட்டாள். சத்தியமாக மாட்டாள். தேங்காய்த் துருவல் நிறம் மாறி, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் சட்டியை இறக்க வேண்டும். முந்தி இறக்கினால் வெறும் குழம்பு, பிந்தி இறக்கினால் கசாயம். அந்த ஒரு நொடியை மூக்குத்தான் சொல்லும். மூக்குக்கு மூன்று மணி நேரம் போதாது. ஆனால் வகுப்பின் பயன் வேறே. அந்த ஒரு நொடி என்று ஒன்று இருக்கிறது என்பதை அவள் தெரிந்துகொண்டு போவாள். நான் சியாங்மாயில் சமையல் கற்றுக்கொண்டு வரவில்லை. மரியாதை கற்றுக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி அறுபது வருஷம் தீயல் சாப்பிட்டவர். அந்த நொடி அவருக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

இங்கே எதிர்க் கட்சிக்கு ஒரு நியாயத்தை நானே கொடுத்துவிடுகிறேன். இந்த வகுப்புகளில் பொய் சுலபமாகப் புகும். ஆக்காப் பெண்களின் வெள்ளி நாணயம் கோத்த தலையணியை வாடகைக்கு மாட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மலைச் சமையலை ருசிக்கிற உலகம் மலைக்காரியின் கதையைக் கேட்பதில்லை. அந்த நாட்டில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத மலைவாசிகள் ஏராளம். 2024 அக்டோபரில்தான் தாய்லாந்து மந்திரிசபை, நெடுங்காலமாகக் குடியிருப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 4,83,000 பேருக்கு நிரந்தர வாசமோ குடியுரிமையோ விரைவில் கிடைக்க வழி செய்தது. துவையல் எல்லையைத் தாண்டி உலகம் சுற்றிவிட்டது. துவையல் அரைத்தவள் காகிதத்துக்குக் காத்திருந்தாள்.

நம் பக்கத்துப் பொய் வேறு விதம். மூவாயிரம் வருஷத்துப் பாரம்பரியம் என்று ஆரம்பித்துவிடுவோம். தீயலில் போடுகிற வற்றல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் கப்பலோடு பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் நல்லமிளகுதான். மீன் குழம்புக்கு மரச்சீனிக் கிழங்கு இல்லாமல் குமரி மாவட்டத்தில் சாப்பாடு உண்டா? அதுவும் தென்னமெரிக்காவின் பிள்ளை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா முன்னின்று பரப்பிய பயிர். வந்ததை வந்தது என்று சொல்லிக் கொடுத்தால் சமையலுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மதினியிடம் நான் விதித்த ஒரே நிபந்தனை இதுதான். “எனக்கு மூவாயிரம் வருஷத்துக் கதை ஒண்ணும் தெரியாது தம்பி. எங்க அம்மை செய்தது தெரியும், அவ மாமியாரு செய்தது தெரியும். அது போதாதா?” என்றார். போதும்.

மூன்றாவது ஆட்சேபத்தை அண்ணாச்சி கடைசிவரை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சண்டை முற்றியபோதுதான் வெளியே வந்தது. “வெள்ளைக்காரன் வரட்டும், சரி. நம்ம ஊர்க்காரன் எவனாவது துட்டைக் கட்டிட்டு அடுக்களையில வந்து நின்னா என்ன செய்யதுக்கு?”

அப்படி வாருங்கள் வழிக்கு! இதுதான் விஷயம். அன்னமும் தர்மமும் பாரம்பரியமும் இதற்குப் போட்ட திரை. ஜெர்மனியிலிருந்து ஒருவன் வந்தால் அம்மியைத் தொடலாம். அவன் ஜாதி நமக்குத் தெரியாது, ஆகையால் கவலை இல்லை. அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி வந்தால் அம்மி தீட்டாகிவிடும். அவள் ஜாதி நமக்குத் தெரியும்.

இந்த மண்ணின் சரித்திரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லா ஜாதியாரையும் ஒரே கிணற்றில் நீரெடுக்கச் செய்து, ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் செய்தார். அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் அரசாங்கமோ பொதுப் பணத்தில் ஊட்டுப்புரைகள் நடத்திப் பிராமணர்களுக்கு மட்டும் இலவசச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. வடக்கே செறாயில் சகோதரன் அய்யப்பன் 1917-ல் மிசிர போஜனம் நடத்தினார். சொந்த ஜாதிக்காரர்களே அவரை விலக்கி வைத்தார்கள். பக்கத்திலே சேரன்மாதேவி குருகுலத்தில், பையன்களுக்குத் தனிப் பந்தி போட்டதற்காக 1924, 1925-ல் தமிழ்நாடே கலங்கியது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12-ந் தேதி கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி ஜில்லாவே தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. தெரு திறந்தது, கோயில் திறந்தது, எல்லைக் கோடு மாறியது. அடுக்களைக்கு மட்டும் இன்னும் பிரகடனம் வரவில்லை. அதைப் பிறப்பிக்க எந்த மகாராஜாவுக்கும் அதிகாரம் கிடையாது, வீட்டுக்காரிக்குத்தான் உண்டு.

ஆகவே நான் மதினிக்குச் சொன்னது இது: வகுப்பைக் கட்டாயம் வையுங்கள். கட்டணத்தைக் கூசாமல் வாங்குங்கள். ஆனால் நாலு பேரில் ஒரு இடம் நம் ஊராருக்கு என்று ஒதுக்கிவிடுங்கள், கட்டணம் பாதி. எந்தத் தெரு என்று கேட்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அயல்நாட்டானுக்கு மட்டும் கதவைத் திறந்தால் அது வியாபாரம், அதில் தப்பில்லை. ஊரானுக்கும் திறந்தால்தான் நாம் நாஞ்சில் நாட்டுச் சமையல் என்று பெயர் வைத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் ஒரு தெருவின் சமையல் என்று பலகை எழுதுவதே நாணயம்.

நம் மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம், கிடைக்க வேண்டியதுதான். பழத்துக்கு ஊர்ப் பெயர் சொந்தமாகிவிட்டது. அதைப் பஞ்சாமிர்தமும் பாயசமுமாக ஆக்குகிற கைகளுக்கு ஒரு பெயர்ப் பலகை வைக்கத்தான் குடும்பக் கவுன்சில் கூடி யோசிக்கிறது.

அண்ணாச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இதைப் படித்தால் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நிறுத்துவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சாப்பிடுகிற இலையில்தான் நானும் இத்தனை காலம் கேள்வி கேட்காமல் சாப்பிட்டேன்.

முதல் வகுப்புக்கு முதல் மாணாக்கனாக என் பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னேன். மதினி சிரித்தார். “உங்களுக்கு எதுக்குத் தம்பி துட்டு? சும்மா வாங்க” என்றார். சும்மா வரமாட்டேன் என்றேன். நாற்பது வருஷம் சும்மாதான் வந்தேன். முழுக் கட்டணத்தையும் மேஜை மேல் வைத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“அப்பொ காலையில ஆறு மணிக்கு வாங்க. நாலு தேங்காய் துருவணும்” என்றார்.