வந்து போகும் பழுதும் வாங்கிப் போடும் பாகமும்

பயிர் நோயைப் பற்றி எழுதிவரும் எனக்கு, இந்த வாரம் வண்டி நோயைப் பற்றி எழுத வேண்டி வந்துவிட்டது. நான் உழவியல் படித்தவன். இயந்திரம் படித்தவன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகக் கிராமங்களில் சுற்றி வருகிறவன் என்ற முறையில், சிறு உழவர்களின் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதைக் கவனித்து வருகிறேன். பிக்கப் வண்டிக்கு ஆகும் பட்டறைச் செலவு இப்போது அந்த ஓட்டைகளில் பெரியதொன்று.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகும் உழவர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், பிக்கப் வண்டியிலே பிக்கப்பே இல்லை" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரே தவிர, முகத்தில் சிரிப்பு இல்லை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டே இருக்குமாம். திடீரென்று ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் வேகம் எடுக்காதாம். சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் ஒன்றும் நடவாதது போல் ஓடுமாம். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டுவதில்லை. முதல் தடவை டீசல் பில்டரை மாற்றினார்கள். அடுத்த தடவை ஆக்ஸிலேட்டர் பெடலையே மாற்றினார்கள். இரண்டு நடை தக்காளி விற்ற பணம் அதோடு போயிற்று. அதன் பிறகும், ஒருநாள் விடியற்காலையில் நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது வண்டி நடுச்சாலையில் மிதிப்புக்கு இணங்காமல் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் மகன். பக்கவாட்டில் வந்த லாரிக்காரர் பிரேக்கை அழுத்தியதால் இருவரும் பிழைத்தார்கள்.

பழைய வண்டிகளில் பெடலுக்கும் டீசல் பம்புக்கும் இடையே ஒரு கேபிள் இருக்கும். அது இறுகினாலும் பிரிந்தாலும் கண்ணால் பார்த்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்யப்பட்ட டீசல் பிக்கப்புகளிலும், அதற்கு முந்திய பல வண்டிகளிலும் அந்தக் கேபிள் கிடையாது. பெடலோடு சேர்ந்த சென்சார், நாம் எவ்வளவு மிதித்தோம் என்பதை மின்சாரச் செய்தியாகக் கணினிப் பெட்டிக்குச் சொல்கிறது. ஒரே மிதிப்பை இரண்டு தனித்தனி ஒயர்களில் இரண்டு செய்திகளாகச் சொல்கிறது. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாடு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி மிதிப்பை நம்பாது. என்ஜினைத் தாழ்ந்த ஓட்டத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கை எரியவிடும். வண்டி தானாகப் பாய்ந்துவிடாமல் இருக்கச் செய்த காவல் இது.

ஆகவே, மிதித்தும் வேகம் எடுக்கவில்லை என்பதனால் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பெடலுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள ஒயர், கப்ளர், எர்த் இணைப்பு ஆகியவற்றில் எது ஆடினாலும் அடையாளம் இதுதான். இலை மஞ்சளானதும் யூரியாவைத் தேடி ஓடுகிறோம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை மஞ்சளாகும் என்பதை மறந்துவிடுகிறோம். பட்டறையிலும் அதே கதைதான்.

வந்து போகும் பழுதுக்கு மருந்து, அது எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்வதே. அந்த உழவரிடம், இனி ஒரு பாகமும் வாங்க வேண்டாம், நான்கு வழிச் சாலைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வாங்குங்கள் என்றேன். தேதி, நேரம், பாரம், டீசல் எவ்வளவு இருந்தது, சாலை எப்படி, விளக்கு எரிந்ததா என்று ஆறு செய்திகள். பள்ளியில் படிக்கும் அவர் மகள் எழுதி வைத்தாள். தோட்டத்துத் தடத்தில் காலியாகவும் பாரத்தோடும் ஓட்டியதில், பன்னிரண்டு நாளில் ஐந்து முறை பழுது வந்தது. ஐந்தும் குழியிலோ ஓடை மேட்டிலோ குலுங்கிய உடனே. ஐந்திலும் விளக்கு எரிந்தது. பாரத்துக்கும் டீசல் அளவுக்கும் தொடர்பே இல்லை. நான்கு வழிச் சாலையிலும், மண் தடத்திலிருந்து தாரின் விளிம்பில் ஏறிய குலுக்கலில்தான் நின்றிருக்கிறது. பட்டறையின் சிமெண்டுத் தரையில் வண்டி குலுங்குமா என்ன?

டீசல் பக்கத்துக் கோளாறாக இருந்தால் நோட்டு வேறுவிதமாகப் பேசியிருக்கும். பில்டர் அடைத்திருந்தால் பாரத்தோடு மேடு ஏறும்போது இழுவை குறையும். டேங்கு மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் சிறிது தூரம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்துவிடும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை இழுக்கும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்திருந்தால் இழுவை குறைவதோடு கரும்புகையும் வரலாம். பி.எஸ். 6 வண்டியைத் தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால் புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டி சூடாகி எரிந்து சுத்தமாக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். அப்போதும் வேகம் கட்டுப்படும். இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பல வண்டிகளில், பிரேக் மிதித்திருப்பதாகச் செய்தி வந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பெட்டி வேகம் கொடுக்காது. பின்பக்கத்துப் பிரேக் விளக்கு மிதிக்காமலே எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொன்னால் போதும், காசு செலவில்லை.

நோட்டோடு அவரை ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினேன். அவர் ஸ்கேனரை மாட்டியதும் பி 2138 என்ற எண் வந்தது. பெடலின் இரு செய்திகளும் ஒத்துப்போகவில்லை என்று அதற்குப் பொருள். பெடலை மாற்று என்று பொருளல்ல. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பெடலை மெதுவாக மிதித்தபடி ஸ்கேனரில் எண் சீராக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒயர்க் கட்டைச் சாண் சாணாக அசைத்துப் பார்த்தார். என்ஜின் அறைச் சுவரைக் கட்டு தாண்டும் இடத்தில் கை பட்டதும் எண் குதித்தது. எலி கடித்து, ஒயரின் மேல்தோல் போய்ச் செம்பு தெரிந்தது. வண்டி நின்ற கொட்டகையில்தான் மக்காச்சோளக் கதிரையும் குவித்து வைத்திருந்தார். ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்து உறை போட்டதற்கு, முன்பு வாங்கிய பில்டரின் விலை கூட ஆகவில்லை.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டியை விட்டுவிட்டு மாலையில் வருகிறேன் என்று நாம் போய்விட்டால், அவரும் எதையாவது மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஸ்கேனர் காட்டிய எண்ணை ரசீதில் எழுதித் தரும்படியும், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்பது உழவரின் உரிமை. மண் பரிசோதனை அட்டை இல்லாமல் உரம் சொல்லக்கூடாது என்று எங்களைக் கேட்கிறவர்கள், எண்ணைக் காட்டாமல் பாகம் சொல்லக்கூடாது என்று பட்டறையிலும் கேட்கலாமே! விளக்கு அணையட்டும் என்று பேட்டரி முனையைக் கழற்றி மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பல வண்டிகளில் அந்த எண் அதனோடு அழிந்துபோகும்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. டிராக்டர், தெளிப்பான், பம்புசெட் பற்றியெல்லாம் பயிற்சி நடத்துகிறோம். விளைந்ததைச் சந்தைக்குச் சேர்க்கும் வண்டியைப் பற்றி ஒரு நாள் பயிற்சி கூட நான் நடத்தியதில்லை. அடுத்த பட்டத்துக்குள் நடத்த எண்ணியிருக்கிறேன். பாடம் எடுக்க அந்த எலக்ட்ரீஷியனையே அழைத்திருக்கிறேன்.

அந்த உழவர் இப்போது கதிரை வேறு கொட்டகைக்கு மாற்றிவிட்டார். ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்க்கிறார். நோட்டுப் புத்தகம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது; கடைசிப் பக்கங்களில் தக்காளி விலையைக் குறித்து வருகிறாள் மகள்.