கோடீஸ்வரனைக் கொஞ்சம் பழுது பார்க்கலாம்

2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ்ஸில் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா குரோர்பதி'யைத் தொடங்கினார். 2007இல் ஒரே ஒரு பருவம் ஷாருக் கான் வந்து போனார், 2010இல் நிகழ்ச்சி சோனிக்கு இடம் மாறியது. மற்றபடி கால் நூற்றாண்டாக அதே மனிதர், அதே நாற்காலி, அதே நான்கு விடைகள். தமிழில் ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சன் டிவியில் சரத்குமார், விஜய் டிவியில் சூர்யா (2012), பிரகாஷ்ராஜ் (2013), அரவிந்த்சாமி (2016), பிறகு கலர்ஸ் தமிழில் ராதிகா (2019). யார் நடத்தினாலும் "லாக் பண்ணிடலாமா?" என்று கேட்டவுடன் வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றில் ஏதோ செய்யத்தான் செய்கிறது.

அப்புறம் எதற்குப் பழுது பார்க்க வேண்டும்? நன்றாக ஓடுகிற வண்டிக்குக் கூடச் சர்வீஸ் உண்டே! அதுவும் இந்த நிகழ்ச்சியில் இதுவரை நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கிற வேலைதான். செட் மாறியது, விளக்கு மாறியது, 'லைஃப்லைன்'கள் வந்தன, போயின. உச்சப் பரிசும் ஏறியது. 2000இல் 1 கோடி, 2005இல் 2 கோடி, 2010இல் 5 கோடி, 2013இல் 7 கோடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகன் கவனிக்க வேண்டியது உச்சியை அல்ல, நடுப்படியை.

அந்த நடுப்படி பத்தாவது கேள்வி. அதைத் தாண்டிவிட்டால் பிறகு தவறாகச் சொன்னாலும் அந்தத் தொகை கையை விட்டுப் போகாது. 2000இல் அந்தத் தொகை 3,20,000 ரூபாய். 2024 பருவத்திலும் அதே 3,20,000 ரூபாய்! உச்சி ஏழு மடங்கு உயர்ந்த காலத்தில் நடுப்படி நகரவே இல்லை. வருமான வரித் துறை வெளியிடும் செலவுப் பணவீக்கக் குறியீட்டில் 2001-02ஆம் ஆண்டு 100 என்றால் 2024-25ஆம் ஆண்டு 363. அந்தக் குறியீடு விலைவாசி உயர்வில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுத்துக் கொள்கிறது. அப்படிப் பார்த்தாலே அன்றைய 3,20,000க்குச் சமமாக 2024இல் 11 லட்சத்து 60 ஆயிரம் தந்திருக்க வேண்டும். அன்று அந்தப் பணத்தில் சிறிய ஊரில் ஒரு மனை வாங்கிச் சுவர் எழுப்பலாம். இன்று? பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கே பேரம் பேச வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது. கீழே விரித்திருக்கும் வலை தரையோடு தரையாக இருந்தால் மேலே இருப்பவன் குதிக்க மாட்டான். 2024 பருவத்தில் 50 லட்சம் ஜெயித்து ஒரு கோடிக் கேள்வியின் முன் உட்கார்ந்திருப்பவரை எடுத்துக் கொள்ளுங்கள். சரியாகச் சொன்னால் 50 லட்சம் கூடும், தவறினால் 46 லட்சத்து 80 ஆயிரம் போகும். கணக்குப் போட்டால் 48 சதவீத நம்பிக்கை இருந்தாலே ஆடலாம். இன்னும் வேடிக்கை அடுத்த படியில். கையில் ஒரு கோடி, கேள்வி 7 கோடிக்கு. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக் கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது சுமார் ஒரு கோடியே 77 லட்சம். அதாவது வாங்கிக் கொண்டு போவதைவிடக் குருட்டாம்போக்கில் ஆடுவது லாபம் என்கிறது காகிதம்!

எந்தப் பள்ளிக்கூட வாத்தியார், எந்த மளிகைக் கடைக்காரர் அப்படி ஆடுவார்? சராசரி என்பது நூறு முறை ஆடுபவனுக்கு. அவருக்கு வாழ்க்கையில் ஒரே முறைதான் அந்த நாற்காலி. முதல் ஒரு கோடி கொடுக்கிற நிம்மதியை அடுத்த ஆறு கோடி கொடுக்காது. அதனால் கோடியைத் தொட்டவர்களில் பலர் 7 கோடிக் கேள்வி வந்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். 2014இல் டெல்லியைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் சேர்ந்து 7 கோடியை வென்றது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அது அவ்வளவு அபூர்வம் என்பதுதான். பார்க்கிறவர்களுக்கும் ஏமாற்றம். ஒரு மணி நேரம் நகத்தைக் கடித்துக் கொண்டு காத்திருந்தால் கடைசியில் "க்விட்".

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2018இல் ஜெரமி கிளார்க்ஸனை வைத்து மூல நிகழ்ச்சியை மறுபடி தொடங்கியபோது, இரண்டாவது பாதுகாப்புப் படியைப் போட்டியாளரே வைத்துக் கொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். எங்கே வைப்பது என்பதே ஒரு ஆட்டமாகிவிட்டது. சீக்கிரம் வைத்தால் சின்னத் தொகையோடு நிற்க வேண்டும், தள்ளிப் போட்டால் நடுவில் விழலாம். இங்கேயும் 2022இல், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்காக 75 லட்சத்தில் ஒரு படி சேர்த்தார்கள். அது சரியான திசை. ஆனால் ஆண்டுவிழா முடிந்ததும் மூட்டை கட்டுகிற விஷயம் அல்ல அது.

அதற்கும் மேலே ஒரு படி போகலாம். கோடியைத் தொட்டவர் அதில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை மட்டும் பந்தயம் வைக்கட்டுமே. 60 லட்சம் வீட்டுக்கு, 40 லட்சம் ஆட்டத்துக்கு. சரியாகச் சொன்னால் 7 கோடியில் அதற்குரிய பங்கு, அதாவது 2 கோடியே 80 லட்சம். நிகழ்ச்சிக்காரர்களுக்கும் செலவு முழு ஏழு கோடி ஆகாது. கடைசிக் கேள்வி நிஜமாகவே ஆடப்படும். வியாபாரத்தில் யாராவது மொத்த முதலையும் ஒரே சரக்கில் போடுவார்களா?

அடுத்தது அந்தக் காசோலை. ஒரு கோடி என்று கொட்டை எழுத்தில் போட்டு நீட்டுகிறார்கள், கைதட்டுகிறோம். வரி பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இந்த மாதிரிப் பரிசுக்கு அடிப்படை விலக்கு கிடையாது, நேராக 30 சதவீதம். 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். வேறு வருமானமே இல்லாதவருக்குக் கூட 34 லட்சத்து 32 ஆயிரம் வரியாகப் போய்விடும். மிச்சம் 65 லட்சத்து 68 ஆயிரம். தவறில்லை, சட்டம் அப்படி. ஆனால் திரையில் அந்தத் தொகையையும் காட்டிவிட்டால் மறுநாள் கடன் கேட்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களுக்காவது உண்மை தெரியும்.

சொந்தக்காரர் விஷயம் நகைச்சுவைக்காகச் சொன்னதல்ல. 2011இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் 5 கோடி வென்றார். நாடே கொண்டாடியது. 2020இல் அவரே எழுதினார், வெற்றிக்குப் பிறகு வந்த வருடங்கள்தான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்று. உதவி கேட்டு வந்தவர்கள், ஏமாற்றியவர்கள், சரிப்பட்டு வராத தொழில்கள். அவருக்கு வரி போகக் கிடைத்தது சுமார் மூன்றரைக் கோடி. அதை 7 சதவீத வட்டியில் போட்டு வைத்திருந்தால் மாதம் இரண்டு லட்சம் (வட்டிக்கும் வரி உண்டு, அது வேறு கதை). ஆகவே பெரிய பரிசு வெல்பவருக்கு இரண்டு வழி கொடுக்கலாம். மொத்தமாக வாங்கிக் கொள், அல்லது இருபது வருடம் ஆண்டுத் தொகையாக வாங்கிக் கொள். எதை எடுக்கிறார் என்பது அவர் இஷ்டம். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆளாவது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டாமா? இருக்கிற யோசனைகளில் செலவு குறைந்ததும் அவசரமானதும் இதுதான்.

கண்ணீர் விஷயத்துக்கு வரலாம். போட்டியாளரின் ஓட்டு வீடு, அம்மாவின் அடுப்பு, பின்னணியில் வயலின். கஷ்டப்பட்டவர் கதையைக் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது பத்து நிமிடம் ஓடும்போது அந்த மனிதரின் அறிவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத பெண் ஒருவர் ஒரு கோடி வென்றார். திரையில் கேள்வி இருந்தது, விடை அவரிடம் இருந்தது. அதற்கு மேல் எந்த வயலினும் தேவைப்படவில்லை. நடிகர்கள் தர்ம காரியத்துக்காக வந்து ஆடுகிற நாட்களும் அப்படித்தான், வருடத்துக்கு இரண்டு போதும். ஒவ்வொரு நட்சத்திர நாளும் யாரோ ஒரு சாமானியரின் நாற்காலி.

விளம்பரம் பற்றிச் சொல்லிப் பயனில்லை, அதில்தான் பரிசே வருகிறது. ஆனால் வீட்டில் இருப்பவரிடம் காசு வாங்காமல் இருக்கலாம். 2007 பருவத்தில் பார்வையாளருக்கென்று நடத்திய எஸ்.எம்.எஸ். போட்டியில் ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. அது நியாயமற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது, ஆதாரம் போதாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி முடிந்த கதை. இருந்தாலும் வீட்டில் இருந்து விளையாடுவது எப்போதும் இலவசமாகவே இருக்க வேண்டும்.

2024இல் வந்த 'சூப்பர் சவால்' நல்ல சேர்க்கை. ஐந்தாவது கேள்விக்குப் பிறகு விடைகளே தராமல் ஒரு கேள்வி. சொல்லிவிட்டால் பின்னால் ஒரு கேள்வியின் தொகையை இரட்டிப்பாக்கலாம். விடையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. இது ஒன்றோடு நிற்காமல் பதினோராவது கேள்விக்குப் பிறகும் ஒன்று வைக்கலாம்.

தமிழுக்கு வந்தால் இந்தப் பட்டியலில் பாதி கூட வேண்டாம். 2012இலும் ஒரு கோடி, 2020இலும் ஒரு கோடி. அடுத்து எந்தச் சேனல் எடுத்தாலும் உச்சத் தொகையை ஏற்ற முடியாவிட்டால் பரவாயில்லை, நடுப்படியைப் பத்து லட்சமாக்கட்டும். இரண்டு பருவமாவது ஒரே ஆளை உட்கார வைக்கட்டும். முடிந்தால் பெயரையாவது மாற்றாமல் இருக்கட்டும்.