பாய்லருக்குச் சாட்சி யார்?

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடிக் கடலில் சர்க்கார் என்ன செய்தது? சலாபம் அறிவிக்கும் முன்பு, பாருக்கு ஆள் இறக்கியது. மாதிரிச் சிப்பியை எடுத்துத் திறந்து, முத்துக்கு மதிப்புப் போட்டது. லாபம் தேறும் என்றால்தான் சலாபம். கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. சிப்பிக்குள் முத்தைப் பார்க்க அத்தனை அக்கறை! பாய்லர் ஒட்டில் விரிசலைப் பார்க்க ஆள் வந்தால் மட்டும் முதலாளிமார் "இன்ஸ்பெக்டர் ராஜ்யம்" என்று அலறுகிறார்கள்.

தோழர்களே, பாய்லர் நமக்கு அந்நியமல்ல. நெல் அவிக்கும் ரைஸ் மில்லிலும் அதுதான், அனல் மின் நிலையத்திலும் அதுதான். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். அதை அடக்கி வைத்திருப்பவை இரும்புத் தகடும் வெல்டிங் ஒட்டும்தான். ஆகவேதான் 1950-ஆம் ஆண்டு பாய்லர் விதிகள் தகட்டுக்குச் சான்று கேட்கின்றன. பரீட்சையில் தேறிய வெல்டரைக் கேட்கின்றன. கட்டி முடித்தபின் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் எதற்கு? அது அமுங்காது. விரிசல் இருந்தால் ஒழுகும், வெடித்துச் சிதறாது. அன்று தண்ணீரில் ஒழுகாமல் தப்பிய பொய், நாளை ஆவியில் நம் உயிரைக் குடிக்கும்.

இந்த விதிகளை எவரும் தானமாகத் தரவில்லை. 1863-இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் மாண்ட பிறகே 1864-இல் வங்காளத்தில் சட்டம் வந்தது. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் செருப்பு ஆலை பாய்லர் வெடித்து 58 பேர் மாண்ட பிறகே அங்கே கண்டிப்பான விதிகள் பிறந்தன. இந்தியா முழுமைக்குமான பாய்லர் சட்டம் 1923-இல் வந்தது. ஒவ்வொரு விதியும் தொழிலாளி ரத்தத்தில் எழுதப்பட்டது!

இன்று நடப்பதென்ன? 2007-ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் சோதனை முகமைகளுக்குக் கதவைத் திறந்தது. 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் அந்தக் கதவை மூடவில்லை. பழைய சட்டத்தின் ஏழு குற்றங்களில் மூன்றுக்கு இனிச் சிறை இல்லை, பணம் கட்டினால் போதும். ஒரு பகுதியையே சட்டத்திலிருந்து விலக்கவும் மாநில சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. நாம் கேட்கிறோம்: முதலாளியிடம் கூலி வாங்கும் முகமை, முதலாளியின் பாய்லர் பழுது என்று எத்தனை முறை எழுதும்?

2017 நவம்பர் 1-ஆம் தேதி உஞ்சஹார் மின் நிலையத்து விபத்து 40-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2020-இல் நெய்வேலியில் மே மாதம் ஒரு விபத்து, ஜூலை 1-ஆம் தேதி மற்றொன்று. வெந்து மாண்டவர்களில் கண்டிராக்ட் தொழிலாளர்களும் உண்டு. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர்ப்பாண்டியாபுரத்து மீன் பதனிடும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது பாய்லர் அல்ல. ஆனால் அழுத்தி அடைத்த வாயுவுக்கும் சோதனையும் சாட்சியும் வேண்டாமா?

சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. கையூட்டு வாங்கிக் கையெழுத்திடுவோரும் உண்டு. அதற்கு மருந்து சோதனையை முதலாளியிடம் ஒப்படைப்பதல்ல, தொழிலாளியின் கண்ணெதிரே நடத்துவது.

ஆகவே நாம் கோருவது இது. சான்றிதழ் பாய்லர் அறை வாசலில் தமிழில் தொங்க வேண்டும். சோதனையின்போது சங்கப் பிரதிநிதி உடன் நிற்க வேண்டும். முகமைக்குரிய கட்டணத்தை முதலாளி சர்க்காரிடம் கட்டட்டும்; முகமையைச் சர்க்காரே நியமிக்கட்டும். பகுதி விலக்கு அதிகாரம் ரத்தாக வேண்டும்.

1908-இல் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வெள்ளை முதலாளியைப் பணிய வைத்தார்கள். அன்று கேட்டது கூலி உயர்வு. இன்று கேட்பது, அந்தக் கூலியோடு உயிரோடு வீடு திரும்பும் உரிமை. சங்கம் சங்கமாக இதைக் கேளுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள்!