யாருடைய மனசாட்சி?

"கோர்ட்டுக்குப் போனா நியாயம் கெடைக்கும்." தண்டனை வாங்கிய ஊழியருக்குச் சங்கத்துக்காரர்கள் சொல்லும் ஆறுதல் இது. மீன்சுருட்டியில் பஸ் ஏறி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அலையும் தலித் ஊழியரைக் கேளுங்கள், அந்த நியாயத்தின் விலை என்னவென்று. தற்காலிகப் பணிநீக்கத்தில் பாதிச் சம்பளம் பிழைப்பூதியம். அதில் கடன் தவணை போக மிஞ்சுவதை எண்ணிக் கொடுக்கிற வங்கி எழுத்தன் நான்.

சட்டத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. விசாரிக்காமல் வேலையைப் பறிக்காதே என்கிறது அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு. விசாரணை அறிக்கையின் நகலைத் தராமல் தண்டிக்காதே என்றது உச்ச நீதிமன்றம், 1993இல் கருணாகர் வழக்கில். ஆனால் 1995இல் சதுர்வேதி வழக்கில் அதே நீதிமன்றம் கோடு கிழித்தது: நாங்கள் மேல்முறையீட்டு அதிகாரி அல்ல, தண்டனை எங்கள் மனசாட்சியை உலுக்கினால்தான் கைவைப்போம்.

யாருடைய மனசாட்சி, தோழர்களே? சேரியில் பிறந்தவனின் மனசாட்சியா?

2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு, வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 பேரை விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துத்தான் உள்ளே போனார்கள். லட்சம் பேருக்கே இந்தக் கதி. ஒத்தையா நிக்கிற நம்ம ஆளுக்கு?

சாதியைச் சொல்லித் திட்டிய அதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், கோப்பில் ஏறுவது 'மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை'. திட்டு ஏறாது. கோப்பில் இல்லாதது கோர்ட்டிலும் இல்லை. அதிகாரத்தின் சூட்சுமம் இதுதான்.

ஆகவே சண்டை சென்னையில் தொடங்குவதில்லை. 17(பி) குற்றக்குறிப்பாணை கைக்கு வரும் அன்றே தொடங்குகிறது. "தெரியாம நடந்துபோச்சுங்கய்யா" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். என்ன சாதிச்சொல், எந்தத் தேதி, எந்த இடம், கேட்டவர் யார் என்று விளக்கத்திலேயே எழுதுங்கள். மாணவத் தோழர்கள் கூட உட்கார்ந்து எழுதித் தர வேண்டும்.

சங்கங்களையும் கேட்போம்: அகவிலைப்படிக்குக் கொடி பிடிக்கிற நீங்கள், தலித் ஊழியரை விசாரிக்கிற அறைக்கு வெளியே என்றைக்கு வந்து நிற்கப் போகிறீர்கள்?